‘தமிழ்’ என்று தட்ட முடியாத மடிக்கணினி

பருவ இறுதி நெருங்கினால் எங்கள் வகுப்புப் புலனக் குழுவில் இரண்டு வகைச் செய்திகள் தவறாமல் வரும். முதலாவது, இடுபணிக்குக் கூடுதல் நாள் கேட்டு விரிவுரையாளரிடம் யார் பேசுவது என்பது. இரண்டாவது, “கீபோர்டு ரோசாக். நல்ல கடை யாருக்காவது தெரியுமா?” என்பது. முதல் கேள்விக்கு எப்போதும் மௌனம்தான் பதில். இரண்டாவதற்கு மட்டும் ஐந்து நிமிடத்தில் பத்துக் கடைகளின் பெயர்கள் வந்து விழும். விசைப்பலகையில் என்ன கெட்டுப்போனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ‘கீபோர்டு ரோசாக்’ என்ற இரண்டு சொற்களுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. சிலவற்றுக்கு ஒரு காசு செலவில்லை. சிலவற்றுக்கு நூறு ரிங்கிட் ஆகும். ஒன்றை அப்படியே விட்டால் வீடே தீப்பிடிக்கலாம். எது என்று தெரியாமல் கடைக்குப் போனால், விலையைச் சொல்பவர் சொல்வதுதான் கோளாறு.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோலாலம்பூரில் கணினி பழுதுபார்க்கும் பெரும்பாலோருக்குத் தமிழ் விசைப்பலகை அமைப்பு எதுவும் தெரியாது. அது அவர்கள் குற்றமல்ல. ஆனால், “புள்ளி வர மாட்டேன் என்கிறது” என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது. அந்த ஒரு படியை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிள்ளானில் வீடு, கோலாலம்பூரில் பல்கலைக்கழகம், இடையில் சுமார் ஒரு மணி நேரக் கொமுட்டர் பயணம். இதுதான் என் அன்றாடம். என் எழுத்து வேலையில் பாதி அந்த ரயிலில்தான் நடக்கிறது. கடந்த பருவத்தின் பன்னிரண்டாம் வாரத்தில், கிள்ளான் வட்டாரத்துப் பழைய தோட்டப் பெயர்களைப் பற்றித் தமிழில் 3,000 சொல் கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டியின் தோழிகளைப் பேட்டி கண்டு எடுத்த குறிப்புகள் கையேட்டில் இருந்தன. வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை காலை மடிக்கணினியைத் திறந்தபோது நான்கு விசைகள் வேலை செய்யவில்லை. ஆங்கில ஏ, ஸெட், எண் 1, பிறகு டேப்.

நான்கும் ஒன்றாக நின்றதுதான் முதல் தடயம். அதைச் சொல்வதற்கு முன், விசைப்பலகைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பால்மரக் காடும் விசைப்பலகையும்

மடிக்கணினியின் விசைப்பலகையில் எண்பதுக்கும் மேற்பட்ட விசைகள் இருக்கும். ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இழுத்தால் உள்ளே இடம் போதாது. அதனால் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு வலைபோல் போடுகிறார்கள். எடுத்துக்காட்டாக, குறுக்கே 8, நெடுக்கே 16 என்று வைத்தால், 24 கம்பிகளைக் கொண்டே 128 சந்திப்புகள் கிடைத்துவிடும். ஒவ்வொரு விசையும் ஒரு சந்திப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விசையை அழுத்தினால் மேல்தாளில் உள்ள கம்பி கீழ்த்தாளில் உள்ள கம்பியைத் தொடும். உள்ளே இருக்கும் ஒரு சிறிய சில்லு, எந்தக் குறுக்குக் கம்பி எந்த நெடுக்குக் கம்பியைத் தொட்டது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். இந்தக் கம்பிகள் எல்லாம் நாடாபோல் தட்டையான ஒரே கேபிளில் சேர்ந்து மதர்போர்டுக்குப் போகின்றன.

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பால்மரக் காட்டில் ஒரு மரத்தின் கோப்பை மட்டும் காலியாக இருந்தால், அந்த மரத்தில்தான் ஏதோ கோளாறு. ஒரு நிரை முழுவதும் கோப்பைகள் காலி என்றால் மரங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நிரைக்கு ஆள் வரவில்லை என்று பொருள்.

விசைப்பலகையும் அப்படியே. ஒரே ஒரு விசை மட்டும் மக்கர் செய்தால், பெரும்பாலும் அதன் அடியில் தூசியோ ரொட்டித் துகளோ இருக்கும், இல்லை அதைத் தாங்கும் கத்தரிபோன்ற சிறு பிளாஸ்டிக் பிடி உடைந்திருக்கும். பல விசைகள் ஒரே நேரத்தில் நின்றால், அவை பகிர்ந்துகொள்ளும் கம்பியையோ நாடாக் கேபிளையோ சந்தேகிக்க வேண்டும். எந்த விசைகள் ஒரே கம்பியில் வருகின்றன என்பது ஒவ்வொரு மாடலுக்கும் மாறும். ஒரே கம்பியின் விசைகள் பலகையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. எல்லா விசைகளும் ஒட்டுமொத்தமாக நின்றால் கேபிள் முழுதாகக் கழன்றிருக்கலாம், அல்லது கோளாறு மென்பொருளில் இருக்கலாம்.

மென்பொருளா, வன்பொருளா என்பதைப் பிரித்தறிய ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. கணினியை அணைத்து மீண்டும் போடும்போது, விண்டோஸ் எழுவதற்கு முன்பே பயோஸ் எனப்படும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய்விடலாம். பல கணினிகளில் எஃப்2 அல்லது டெலீட் விசையை விட்டு விட்டுத் தட்டினால் அது திறக்கும். அங்கே விண்டோஸ் இல்லை, தமிழ் மென்பொருள் இல்லை, எந்த அமைப்பும் இல்லை. வேலை செய்யாத விசையை அந்தத் திரையில் எங்காவது பயன்படுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்து விண்டோஸில் செய்யாவிட்டால் கோளாறு மென்பொருளில். அங்கேயும் செய்யாவிட்டால் கடைக்குப் போக வேண்டியதுதான். இன்னொரு சோதனை, யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பார்ப்பது. அதில் எல்லா எழுத்தும் ஒழுங்காக வந்தால் விண்டோஸில் குறையில்லை.

என் மடிக்கணினியில் டேப் விசை பயோஸ் திரையிலும் அசையவில்லை. தம்பியின் யுஎஸ்பி விசைப்பலகையில் நான்கு விசைகளும் சுத்தமாக வந்தன. ஆக, மென்பொருள் தப்பியது.

அதற்குள் இன்னொரு முட்டுக்கட்டை வந்தது. என் கடவுச்சொல்லில் ஏ இருக்கிறது. உள்ளே நுழையவே முடியவில்லை. இது உங்களுக்கு நேர்ந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் நுழைவுத் திரையின் வலது கீழ் மூலையில், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைக் காட்டும் சிறிய சின்னம் இருக்கும். அதற்குள் திரை விசைப்பலகை உண்டு. சுட்டியால் எழுத்துகளைச் சொடுக்கி உள்ளே போய்விடலாம்.

கடைக்காரர் கேட்காத கேள்வி

அன்று மாலையே கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, “மதர்போர்டு. அறுநூற்று ஐம்பது” என்றார். என் படிப்புக் கடனில் உணவுக்கும் ரயிலுக்கும் ஒதுக்கிய பிறகு கையில் நிற்பது அதில் பாதிகூட இல்லை. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. விசைகளைக் கண்காணிக்கும் சில்லு மதர்போர்டில்தான் இருக்கிறது. அது கெட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். ஆனால் நாடாக் கேபிளைக் கழற்றிப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நேரமில்லை என்றார். கணினியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வரை ஓட்ட வேண்டும். வீட்டில் தம்பியின் விசைப்பலகை இருக்கிறது, ரயிலில் என்ன செய்வது? மடியில் கணினி, அதன் மேல் இன்னொரு விசைப்பலகை என்றால் பக்கத்தில் இருப்பவரின் மடியையும் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

நான் அதுவரை தட்டிக்கொண்டிருந்தது அஞ்சல் முறையில். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் தமிழ் வரும் முறை அது. அம்மா என்பதற்கு ஏ, எம், எம், ஏ, ஏ. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களிலிருந்து வளர்த்துவந்த முரசு அஞ்சல் மென்பொருள் வழியாக நம்மில் பலர் பழகிய முறை. ஆங்கிலத் தட்டச்சு தெரிந்தால் ஒரே நாளில் பிடிபட்டுவிடும் என்பது அதன் பெரிய பலம். ஆனால் அதில் ஏ விசை நின்றுபோனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அ இல்லை. ஆ இல்லை. ஐ, ஔ இல்லை. க, ச, த, ப என்று அகரம் ஏறிய ஓர் உயிர்மெய்யும் இல்லை. எல்லாம் புள்ளி வைத்த மெய்யாகவே நிற்கும். ஸெட் விசை அஞ்சலில் ழகரம். அதுவும் போயிற்று. ‘தமிழ்’ என்ற சொல்லைத் தட்டிப் பார்த்தேன். ‘த்மி’ என்று வந்து நின்றது. த-வுக்கு ஏ வேண்டும், ழ-வுக்கு ஸெட் வேண்டும். என் கணினியில் நின்றுபோன இரண்டு எழுத்து விசைகளும் மொழியின் பெயரிலேயே கைவைத்துவிட்டன.

அப்போதுதான் தமிழ் 99 ஞாபகம் வந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அமைப்பு அது. இன்றைய விண்டோஸில் அஞ்சல், தமிழ் 99 இரண்டுமே கூடவே வருகின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் மாற்றிக்கொள்ளலாம். ஆப்பிள் கணினிகளிலும் இரண்டும் உண்டு.

தமிழ் 99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். இடக்கையின் நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. வலக்கையின் நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய. அதிகம் தேவைப்படும் எழுத்துகள் விரல் ஓய்வெடுக்கும் இடத்திலேயே கிடக்கின்றன. இதில் க விசையைத் தட்டினால் ‘க்’ வராது, நேராக ‘க’ வரும். அகரம் தானாகவே ஏறிவிடும். அதனால் அகர விசைக்கு வேலை மிகக் குறைவு. ‘அவர்’, ‘அந்த’ என்று சொல்லின் முதலில் வரும்போதுதான் பெரும்பாலும் அது தேவை.

இப்போது என் கோளாறை அந்த அமைப்பில் வைத்துப் பாருங்கள். ஆங்கில ஏ இருக்கும் இடத்தில் அ. ஸெட் இருக்கும் இடத்தில் ஔ. அவ்வளவுதான் இழப்பு. ஔகாரத்தை என் கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை. ஔவையாரை மேற்கோள் காட்டாத கட்டுரையாக அது அமைந்துவிட்டது நல்லதாகப் போயிற்று. ‘அ’ ஒன்றைத் திரை விசைப்பலகையில் தட்டி, அதை நகலெடுத்து வைத்துக்கொண்டேன். தேவைப்படும் இடத்தில் ஒட்டினேன். ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இ, ழ, புள்ளி என்று ஐந்து தட்டில் முழுதாக வந்து நின்றது.

முதல் நாள் ஆமை வேகம். சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது ஒரு பத்தி முடிந்திருந்தால் அதுவே சாதனை. புதன்கிழமை ஓரளவு கை பழகிவிட்டது. இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளி தானாகவே விழும் என்பது ரயிலில் தெரிந்துகொண்ட இன்பங்களில் ஒன்று. க விசையை இரண்டு முறை தட்டினால் ‘க்க’. ங அடுத்து க என்றால் ‘ங்க’. பங்கு, பள்ளி, படிப்பு, கல்லூரி என்ற சொற்களைப் புள்ளி விசையைத் தொடாமலே தட்டிவிடலாம்.

ஆனால் எல்லாருக்கும் இந்த மாற்றம் கைகொடுக்காது. தமிழ் 99இல் புள்ளி இருப்பது ஆங்கில எஃப் இருக்கும் இடத்தில். உங்கள் கணினியில் நின்றது எஃப் என்றால் கதை தலைகீழ். கல்லூரி வரும், கல்வி வராது. பள்ளி வரும், பாடம் வராது. ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளக்கூட முடியாது. அஞ்சலிலோ எஃப் விசைக்கு வேலை மிகக் குறைவு. ஆகவே எஃப் நின்றவர் தமிழ் 99இலிருந்து அஞ்சலுக்கு வர வேண்டும், ஏ நின்றவர் அஞ்சலிலிருந்து தமிழ் 99க்குப் போக வேண்டும். எந்த விசை நின்றதோ அதைப் பொறுத்தது. இரண்டு முறையும் தெரிந்தவருக்கு ஒரு விசை நின்றால் பாதி ஆபத்துதான். கைப்பேசியில் பலர் வைத்திருக்கும் செல்லினத்திலும் இவ்விரு முறைகளும் இருக்கின்றன. 2005 பொங்கலன்று வெளிவந்த செயலி அது. அங்கேயே பழகிப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர்களுக்கு வேறொரு வழி. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு விசையின் வேலையை இன்னொரு விசைக்கு மாற்றித் தரலாம். ஏ விசைக்கு இடப்பக்கம் சும்மா கிடக்கும் கேப்ஸ் லாக்கை ஏ ஆக்கிவிட்டால் விரலுக்கு அதிகத் தூரமில்லை. அந்த விசையை நான் வேறெதற்கும் பயன்படுத்திய நினைவே இல்லை.

கெடாமலே கெட்டதுபோல் தோன்றுபவை

நான் பார்த்த ‘ரோசாக்’ புகார்களில் பலவற்றில் விசைப்பலகை முழு ஆரோக்கியத்துடன் இருந்தது. ஜே, கே, எல் தட்டினால் 1, 2, 3 வருகிறது, யூ, ஐ, ஓ தட்டினால் 4, 5, 6 வருகிறது என்றால் எண் பூட்டு விழுந்திருக்கிறது. எஃப்என் விசையோடு நம் லாக் விசையைத் தட்டினால் சரி. மின்னஞ்சல் முகவரியில் அட் குறி போட்டால் மேற்கோள் குறி வருகிறதா? ஆங்கில மொழியை பிரிட்டன் என்று அமைத்திருப்பீர்கள். அந்த நாட்டு அமைப்பில் அவை இரண்டும் இடம் மாறி இருக்கும். நம் நாட்டில் விற்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு.

இன்னொன்று தமிழில் தட்டுபவர்களைத் தேடி வருவது. ஆறாம் படிவம் படிக்கும் உறவுக்காரத் தங்கை ஒருத்தி, “அண்ணா, எழுத்தெல்லாம் மெதுவா வருது, பாதி வரவே மாட்டேங்குது” என்று கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தமிழ் 99இல் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொள்ள வேண்டும். அவள் வலப்பக்க ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ‘ஷ’ எங்கே என்று தேடியிருக்கிறாள். அந்த விசையை எட்டு விநாடி அழுத்தியபடி இருந்தால், விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி, விசை வடிகட்டியைப் போடவா என்று கேட்கும். கை நடுக்கம் உள்ளவர்களுக்கான வசதி அது. குறுகிய நேரத் தட்டல்களைக் கண்டுகொள்ளாது. யாரும் அந்தப் பெட்டியைப் படிப்பதில்லை, ஆம் என்று தட்டிவிடுவோம். அமைப்பில் போய் அதை நிறுத்தியதும் தங்கையின் கணினி பழையபடி ஓடியது. ஷிஃப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் வருவது வேறொரு வசதி, விசைகளை ஒட்ட வைப்பது. அதையும் அங்கேயே நிறுத்தலாம்.

ஒரு துகள் செய்யும் வேலை

சரி, உண்மையான தூசிக்கு வருவோம். இந்த விஷயத்தில் நம்மைவிடப் பெரிய இடங்களும் திண்டாடியிருக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2015இல் தன் மேக்புக்கில் பட்டாம்பூச்சி என்ற புது வகை விசையைக் கொண்டுவந்தது. மிக மெல்லியது. ஆனால் சிறு துகள் உள்ளே போனாலே விசை நிற்கவோ, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து போடவோ தொடங்கியது. கணினியை 75 பாகை சாய்த்துப் பிடித்து, அழுத்தக் காற்றுக் குப்பியால் ஊதும்படி அந்நிறுவனமே அறிவுரை வெளியிட்டது. 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தை அறிவித்தது. 2019 இறுதியில் பழைய கத்தரி வகைக்குத் திரும்பத் தொடங்கியது. அமெரிக்காவில் பயனர்கள் தொடுத்த வழக்கை 2022இல் 5 கோடி டாலருக்குச் சமரசமாக முடித்துக்கொண்டது. இத்தனைக்கும் மூலம் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள். நம் ரொட்டி சானாய்ப் பொருக்கெல்லாம் அதன் பக்கத்தில் பாறை.

அந்த 75 பாகை அறிவுரை பிற கணினிகளுக்கும் பொருந்தும். அணைத்துவிட்டு, சாய்த்து, காற்றால் ஊதுங்கள், வாயால் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். விசையின் மூடியைக் கத்தி முனையால் நெம்புவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடியில் இருக்கும் பிடி உடைந்தால் அந்த ஒற்றைத் துண்டைத் தேடி அலைய வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஓர் எதிரி எறும்பு. கணினியின் இளஞ்சூடும் பலகைக்குள் சிந்திய இனிப்பும் அவற்றுக்குப் பிடிக்கும். பூச்சி மருந்தைக் கணினிக்குள் அடித்தால் எறும்பு போகும், கூடவே கணினியும் போகும். கணினியை அணைத்து, இனிப்பு எதுவும் இல்லாத வேறோர் இடத்தில் வைத்துவிட்டால் அவை தாமாகவே வெளியேறப் பார்க்கும்.

தே தாரிக் சிந்தினால் உடனே மின் இணைப்பைப் பிடுங்கி, பவர் விசையை அழுத்திப் பிடித்து அணைத்து, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். காய்ந்துவிட்டது என்று மறுநாள் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். தண்ணீர் காய்ந்தால் போய்விடும். பால், சர்க்கரை காய்ந்தாலும் போகாது. கம்பிகளின் மேல் ஒட்டி மெல்ல மெல்ல அரிக்கும். திறந்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். முடி உலர்த்தியின் சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தாள்கள் வளையலாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பது பற்றிக் கேட்காதீர்கள். அரிசி சோறாக்கத்தான்.

ஆரம்பத்தில் தீ என்று சொன்னேனே, அது இதுதான். விசைப்பலகையின் நடுப்பகுதி மேடாகத் தெரிந்தால், விசைகள் கீழே இறங்க மறுத்தால், அல்லது தொடுபலகை தானாகச் சொடுக்கிக்கொண்டே இருந்தால், கோளாறு விசைப்பலகையில் இல்லாமல் இருக்கலாம். அடியில் இருக்கும் பேட்டரி வீங்கி அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கலாம். லித்தியம் பேட்டரி பழசானால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். அதைக் குத்தினாலோ அழுத்தினாலோ தீப்பற்றும். உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அணையுங்கள், மேடான இடத்தை அமுக்கிச் சமப்படுத்தாதீர்கள். இடுபணி நாளைக்கே என்றாலும் இதற்குத் தவணை கிடையாது. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது, மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும்.

மூன்று பிளாஸ்டிக் தாள்கள்

என் கட்டுரை வியாழக்கிழமை இரவே போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறிய பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கிருந்த அண்ணனிடம், “விசைப்பலகை கெட்டுப்போச்சு” என்று சொல்லவில்லை. “நாலு விசை ஒரே நேரத்துல நின்னுச்சுண்ணே. பயோஸ்லயும் வரல. வெளி விசைப்பலகையில எல்லாம் வருது” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். “கேபிளா இருக்கும், பார்ப்போம் தம்பி” என்று எதிரிலேயே திறந்தார்.

நாடாக் கேபிளைக் கழற்றி, முனையைத் துடைத்து, மறுபடி பொருத்தியதும் நான்கு விசைகளும் உயிர் பெற்றன. அதற்கு அவர் கேட்டது இருபது வெள்ளி. “இது நிக்காது, ரெண்டு மூணு நாள் பாரு” என்றும் சொல்லி வைத்தார். சொன்னபடியே செவ்வாய்க்கிழமை மீண்டும் நின்றன. ஆனால் இடையில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. கேபிளை அசைத்ததும் விசைகள் வந்தன என்றால் மதர்போர்டில் இருக்கும் சில்லு நலம். மாற்ற வேண்டியது விசைப்பலகையை மட்டும்தான். அந்த மாடலுக்கான பலகை வர ஒரு வாரம் ஆனது. பொருத்துகூலியோடு நூற்றுப் பத்து ரிங்கிட், முன்பு கொடுத்த இருபதை அவரே கழித்துக்கொண்டார். என் கணினியில் அது திருகாணியில் நின்றது. சில மெல்லிய கணினிகளில் விசைப்பலகை மேல்மூடியோடு சேர்த்து அறையப்பட்டிருக்கும், அதற்குச் செலவு கூடும். விலை பேசும் முன் இதைக் கேட்டு வைப்பது நல்லது.

இன்னும் இரண்டு கேட்கலாம். செய்த வேலைக்கு எழுத்தில் ரசீது. கழற்றிய பழைய பாகம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மாணவர்களுக்கும்தான். தகராறு முற்றினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ரசீது இல்லாமல் போனால் அங்கே பேச ஒன்றுமிருக்காது.

பழைய விசைப்பலகையை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நாளிதழை விரித்து, தம்பியும் நானும் அதைப் பிரித்தோம். விசைகளின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்கள், அவற்றின் கீழே ஓர் உலோகத் தகடு. மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளிநிறக் கோடுகள். நடுத்தாளில் கோடில்லை, விசைக்கு ஒரு துளை மட்டும். அந்தத் துளை வழியாகத்தான் மேலும் கீழும் தொட்டுக்கொள்கின்றன. தம்பி டேப் விசையின் புள்ளியில் விரலை வைத்துக் கோட்டைப் பின்தொடர்ந்தான். அது 1-க்குப் போனது, அங்கிருந்து ஏ, பிறகு ஸெட், பிறகு பலகையின் ஓரமாக நீண்டு நாடாவுக்குள் நுழைந்தது. நாடா மடியும் இடத்தில் மற்றக் கோடுகள் எல்லாம் வெள்ளியாக இருக்க, அந்த ஒன்று மட்டும் கடுகளவு நீளத்துக்குப் பழுப்பேறி, நடுவில் முடி அகலத்துக்கு விட்டுப்போயிருந்தது.